விட்ஸா, யாரிஸா, எக்கோவா? கேள்விகளும் பதில்களும்

1999 ஜனவரியில் டொயோட்டா ஜப்பானில் விட்ஸ் என்று விற்கத் தொடங்கிய சிறிய கார், ஐரோப்பாவில் யாரிஸ் ஆனது. ஆஸ்திரேலியாவில் எக்கோ ஆனது. இதனால் பலருக்கும் குழப்பம். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ.

யாழ்ப்பாணம்: அண்ணா, என்னுடையது 2007 விட்ஸ். லண்டனில் இருக்கும் அத்தான் பழைய யாரிஸின் ஹெட்லைட்டை அனுப்பட்டுமா என்கிறார். பொருந்துமா?

பொருந்த வாய்ப்புண்டு. ஆனால் பெயரை நம்பி வாங்காதீர்கள், சேசிஸ் இலக்கத்தைப் பாருங்கள். உங்களுடையது பெரும்பாலும் கேஎஸ்பி90 அல்லது எஸ்சிபி90 என்று தொடங்கும். 90 என்பது இரண்டாம் தலைமுறை. முதலாவது 10, மூன்றாவது 130. கே என்றால் மூன்று சிலிண்டர் கேஆர் எஞ்சின், எஸ் என்றால் நான்கு சிலிண்டர் எஸ்இசட். அத்தான் பார்த்திருப்பதும் 90 தலைமுறைதானா என்று கேளுங்கள். பிரிட்டனிலும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் ஒளி விழும் பக்கம் சரியாக இருக்கும். அதே விளக்கு ஜெர்மனியிலிருந்து வந்தால் வேண்டாம்; எதிரே வருபவரின் கண் கூசும். பணம் கொடுக்குமுன் விளக்கின் பின்புற இணைப்பியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, உங்களுடையதோடு ஒப்பிடுங்கள்.

கொழும்பு: சிக்னலில் நிற்கும்போது என் கேஎஸ்பி90 நடுங்குகிறது. எஞ்சின் போய்விட்டதா?

மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு லேசான நடுக்கம் இயல்பு. ஸ்டீயரிங்கும் கண்ணாடியும் சேர்ந்து ஆடினால் முதலில் எஞ்சினைத் தாங்கும் எஞ்சின் மவுண்ட்டைப் பாருங்கள், பிறகு எஞ்சினுக்குக் காற்றை விடும் திராட்டில் பாடியில் படிந்த கரியை. எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று எடுத்த எடுப்பில் சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

மட்டக்களப்பு: விட்ஸின் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்ற வேண்டும்?

பெல்ட்டே கிடையாது, செயின். பெல்ட் இருந்தது இதற்கு முந்தைய டொயோட்டா சிறிய காரான ஸ்டார்லெட்டில்.

டொராண்டோ: நான் ஓட்டியது எக்கோ ஹேட்ச்பேக். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறார் நியூஜெர்சியில் இருக்கும் தம்பி.

இருவர் சொல்வதும் சரி. அமெரிக்காவில் எக்கோ என்று செடானும் கூப்பேயும் மட்டுமே விற்றன. ஹேட்ச்பேக் கனடாவுக்கு வந்தது.

சென்னை: என் யாரிஸ் செடானுக்கு விட்ஸ் பாகங்கள் ஆகுமா, சார்?

ஆகாது. 2018 முதல் 2021 வரை இந்தியாவில் விற்ற யாரிஸ், டொயோட்டாவின் இன்னொரு செடானான வயோஸின் குடும்பத்து வண்டி. வயோஸ் பாகங்களைத் தேடுங்கள்.

டர்பன்: இங்கே புதிய விட்ஸ் விற்கிறார்கள். பழைய விட்ஸ் போல உழைக்குமா?

அது வேறு வண்டி, ஐயா. 2023இல் தென்னாப்பிரிக்காவுக்கு வந்த விட்ஸ், இந்தியாவில் தயாராகும் சுசுகி செலெரியோ, மாறியது சின்னம்தான். ஜப்பானிலோ 2020இல் விட்ஸ் என்ற பெயரையே கைவிட்டு, அங்கும் யாரிஸ் என்றே விற்கிறார்கள். எனவே உங்கள் வண்டிக்குப் பழைய விட்ஸின் பெயரைப் பார்த்து விலை பேசாதீர்கள்; செலெரியோ என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள்.