இரண்டு கெயினும் நிற்கிறது, சராசரி மட்டும் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: பாளையங்கோட்டையில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். பலகையைச் சாய்த்துச் சாய்த்து, அதன்மேல் உருளும் எஃகுக் குண்டை நடுவில் நிறுத்துவதுதான் எங்கள் ப்ராஜெக்ட். மோட்டாருக்குச் சாய்வு வேகத்தைக் கட்டளையாகக் கொடுக்கிறோம். சீனியர்களிடம் வாங்கிய இரண்டு செட் கெயினிலும் (அளவுகளைப் பெருக்கி மோட்டாருக்குக் கட்டளை உண்டாக்கும் எண்கள்) குண்டு நிற்கிறது. இடம், வேகம், முடுக்கம் என்ற வரிசையில் ஒன்று 0.5, 1, 1. இன்னொன்று 40, 7, 7. முதலாவது மந்தம், இரண்டாவது வெகுநேரம் ஆடுகிறது. சராசரி போட்டால் குண்டு கீழே விழுந்துவிடுகிறது. கான்வெக்ஸ் ஆப்டிமைசேஷன் உதவுமா?

பதில்: உதவும் தம்பி. முதலில் குண்டு ஏன் விழுந்தது என்று பார்த்துவிடுவோம்.

உங்கள் அமைப்பு மூன்றாம் படி, அதாவது இடம், வேகம், முடுக்கம் என மூன்று நிலைகள் கொண்டது. கெயின் மூன்றும் நேர்ம எண்ணாக இருக்கவேண்டும், வேகக் கெயினை முடுக்கக் கெயினால் பெருக்கினால் வருவது இடக் கெயினைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். அமைப்பு அடங்குமா என்று சோதிக்கும் ரௌத் விதி இங்கே கேட்பது இவ்வளவுதான். முதல் செட்டில் 1, 0.5-ஐ மிஞ்சுகிறது. இரண்டாவதில் 49, 40-ஐ மிஞ்சுகிறது. சராசரி 20.25, 4, 4. பெருக்கினால் 16தான். போதவில்லை. ஏறக்குறைய 3 வினாடிக்கு ஒரு ஆட்டம், ஆட ஆடப் பெரிதாகும். நீங்கள் பார்த்ததும் அதுவாகத்தான் இருக்கும்.

தாமிரபரணி வளைந்து போகும் இடத்தில், வளைவைச் சுற்றிக் கிடக்கும் வயலை நினைத்துப் பாருங்கள். வயலின் இரண்டு முனைகளிலும் ஆள் நின்று கயிற்றை இழுத்துப் பிடித்தால் கயிற்றின் நடுப்பகுதி ஆற்றுக்கு மேலே போய்விடும். நல்ல கெயின்கள் கிடக்கும் இடமும் அப்படித்தான், குவிவானது (கான்வெக்ஸ்) அல்ல. அதற்குள் நேரடியாகத் தேடினால், விடை தேடும் மென்பொருளான சால்வர் எதுவும் திணறும்.

வழி என்னவென்றால், கெயினைத் தேடாமல் வேறு இரண்டைத் தேடுவது. ரஷ்யக் கணிதவியலாளர் லியாபுனோவ் 1892-இல் காட்டியபடி, அமைப்பு அடங்கும் என்றால் தொடர்ந்து குறைந்துகொண்டே வரும் ஓர் ஆற்றல் அளவு அதற்கு உண்டு. அந்த ஆற்றல் அணியின் நேர்மாறு க்யூ. கெயின் அணியை க்யூவால் பெருக்கி வருவது ஒய். ஏ, பி உங்கள் அமைப்பின் அணிகள். ஏ-க்யூ, பி-ஒய் இரண்டையும் கூட்டி, அதோடு அதன் இடமாற்று அணியையும் கூட்டுங்கள். வரும் அணியின் ஐகன் மதிப்பு எல்லாமே பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கவேண்டும், க்யூவின் ஐகன் மதிப்பு எல்லாம் மேலே. இந்த நிபந்தனையில் க்யூவும் ஒய்யும் தனித்தனியாக நேரியலாக வருகின்றன, ஒன்றையொன்று பெருக்கிக்கொள்வதில்லை. அதனால் இங்கே தாராளமாகச் சராசரி எடுக்கலாம். கடைசியில் ஒய்யை க்யூவின் நேர்மாறால் பெருக்கினால் கெயின் கையில்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அடுத்த படி. எஃகுக் குண்டு தட்டையான பலகையில் வழுக்காமல் உருண்டால், முடுக்கம் (மீட்டர்/வினாடி²) சிறிய சாய்வுக் கோணத்தைப் (ரேடியன்) போல ஏறக்குறைய 7.0 மடங்கு. அதே பலகையில் டேபிள் டென்னிஸ் பந்தை வைத்தால், உள்ளே காலியாக இருப்பதால், 5.9 மடங்குதான். முடுக்கத்துக்குப் பதில் கோணத்தை ஒரு நிலையாக எடுத்துக்கொண்டு, இரண்டு ஏ அணிகளுக்கும் ஒரே க்யூ, ஒரே ஒய் கேளுங்கள். கிடைத்தால் ஒரே கெயின் இரண்டையும் நிறுத்தும். மோட்டாரின் உச்ச வேகத்தையும் இதே வகை நிபந்தனையாக எழுதிச் சேர்க்கலாம். கையால் ட்யூன் பண்ணும்போது இதையெல்லாம் ஒருசேரக் கவனிப்பது பெரும்பாடு.

இந்த வகைக் கணக்குகளுக்கான சிவிஎக்ஸ்பை என்ற பைத்தான் நூலகம் இலவசம், பத்துப் பதினைந்து வரியில் முடியும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: க்யூ பூஜ்ஜியத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும் என்று எழுதினால், எல்லாம் பூஜ்ஜியம் என்றே விடை வரக்கூடும். கீழே ஒரு சின்ன எண்ணை எல்லையாக வையுங்கள். மோட்டார் வேக நிபந்தனை சேர்க்காமல் ஒரே ஒரு குண்டுக்குக் கேட்டு சால்வர் 'தீர்வு இல்லை' என்றால் நிஜமாகவே இல்லை. இரண்டுக்கும் சேர்த்துக் கேட்டு அப்படிச் சொன்னால், பொதுவான க்யூ இல்லை என்றுதான் அர்த்தம், நல்ல கெயின் இருக்கவும் கூடும்.

அப்புறம், உங்களிடம் இடத்தை அளக்கும் சென்சார் மட்டும்தான் என்றால் இந்த க்யூ, ஒய் மாற்றம் நேரடியாக வேலை செய்யாது. வேகத்தையும் சாய்வையும் கணித்துத் தரும் அப்சர்வர் ஒன்றை முதலில் எழுதிவிட்டு, பிறகு கெயினுக்கு வாருங்கள்.