கடலோர நகரில் நிலநடுக்க ஆபத்தைக் கணிப்பது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: சார், எங்கள் நகரம் நிலநடுக்க மண்டல வரைபடத்தில் ‘மிதமான’ ஆபத்துப் பகுதி. அதற்கு மேலும் ஆராய வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். வரைபடம் ஊருக்குப் பொதுவான ஆட்டத்தைத்தான் சொல்லும்; உங்கள் மனையின் மண்ணை அதற்குத் தெரியாது. கடலோர நகரம் பெரும்பாலும் வண்டலிலும் தூர்த்த நிலத்திலும் நிற்கிறது. 1985இல் மெக்சிகோ நகரத்தைச் சிதைத்த நடுக்கத்தின் மையம் சுமார் 350 கி.மீ. தள்ளி, பசிபிக் கரையில் இருந்தது. ஏரிக் களிமண் மேல் நின்ற கட்டடங்கள்தான் அதிகம் விழுந்தன.

கேள்வி: ‘475 ஆண்டுக்கு ஒருமுறை வரும் நடுக்கம்’ என்று கணக்குச் சொல்கிறார்களே, அதற்கு இப்போதே ஏன் பயம்?

பதில்: அது தவணைக் கணக்கு இல்லை. 50 ஆண்டுக்குள் அந்த அளவையோ அதைவிடப் பெரியதையோ சந்திக்க 10 சதவீத வாய்ப்பு என்பதே அதன் பொருள்.

கேள்வி: மண் ஆய்வில் எதைக் கேட்டு வாங்குவது?

பதில்: 30 மீட்டர் வரை துளை, 1.5 மீட்டருக்கு ஒரு எஸ்.பி.டி. (குழாயைச் சுத்தியலால் மண்ணில் இறக்க எத்தனை அடி தேவை என்று எண்ணும் சோதனை), நிலத்தடி நீர்மட்டம், குறுக்கலை வேகம் (மண்ணைப் பக்கவாட்டில் அசைக்கும் அலை அதில் பாயும் வேகம்). சராசரி வேகம் நொடிக்கு 180 மீட்டருக்குக் கீழ் என்றால் மென்மண். மண்ணின் ஆழத்தை நான்கால் பெருக்கி வேகத்தால் வகுத்தால் அதன் ஆட்டக் காலம் கிடைக்கும்: 30 மீட்டர், வேகம் 150 என்றால் 0.8 நொடி. மாடிக்குத் தோராயமாக 0.1 நொடி வைத்தால், எட்டு மாடிக் கட்டடமும் அதே தாளத்தில் ஆடும். அங்கேதான் ஆபத்து.

துளையிடும்போது உள்ளே நீர்மட்டம் சுற்றியுள்ள நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கவே கூடாது. இறங்கினால் அடிமணல் பொங்கி ஏறி, எஸ்.பி.டி. எண் பொய்யாகக் குறையும்.

கேள்வி: நடுக்கத்தில் மணல் குழம்பாகும் என்கிறார்களே?

பதில்: நீரில் ஊறிய தளர்மணல், 20 மீட்டருக்குள், எஸ்.பி.டி. எண் 15க்குக் கீழ் இருந்தால் சந்தேகப்படுங்கள். 1964இல் ஜப்பானின் நீகாட்டாவில் அடுக்குமாடிகள் உடையாமலே சாய்ந்து படுத்தன. பைல் (ஆழத்தில் இறக்கும் அடித்தளத் தூண்) அந்த மணலிலேயே முடிந்தால் பயனில்லை. அதைத் தாண்டிக் கெட்டி அடுக்கில் ஊன்ற வேண்டும்.

கேள்வி: 30 வருடக் கட்டடம், தரைத்தளம் முழுக்க கார் நிறுத்தம். எங்கே பார்ப்பது?

பதில்: தூணின் அடிப்பகுதியில். கம்பி ஓடும் நேர்க்கோட்டில் மயிரிழை விரிசல், அதில் துருக்கறை, தட்டினால் உள்ளே வெற்றிடம் போன்ற சத்தம்: கடல் உப்பு உள்ளே போய்விட்டது. நெடுங்கம்பிகளைச் சுற்றி வெளிப்புறமாக இருக்கும் வளையக் கம்பிதான் முதலில் துருப்பிடிக்கும். 8 மி.மீ. கம்பி 6 ஆகத் தேய்ந்தால் பரப்பில் 44 சதவீதம் போயிற்று. நடுக்கத்தில் தூணைக் கட்டிப் பிடிப்பதே அந்த வளையம். மேல் தளங்களில் சுவர் இருந்து தரைத்தளத்தில் இல்லாததால், வளைவு பெரும்பாலும் இந்தத் தூண்களுக்குத்தான் வரும். பூச்சு போட்டு மூடிவிடாதீர்கள், துரு உள்ளே தொடரும். சுத்தியல் சோதனையை (கான்கிரீட் மேல்பரப்பில் அடித்து, துள்ளலைக் கொண்டு வலிமையை மதிப்பிடுவது) மட்டும் நம்பவும் வேண்டாம்: பழைய கான்கிரீட்டின் மேல்தோல் காற்றுபட்டு இறுகியிருப்பதால் எண் கூடுதலாகக் காட்டும். கோர் (கான்கிரீட்டைத் துளைத்து எடுக்கும் உருளை மாதிரி) எடுத்துச் சோதியுங்கள்.

கேள்வி: சுனாமி எச்சரிக்கைக்குக் காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம். கரையில் 20 நொடிக்கு மேல் பலமாக ஆடினால், அடங்கியதும் மேட்டுக்கு நடங்கள்.