மூலக்கூறுகளின் ஆட்டம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் வேதியியல் முதுகலை மாணவி. ஒருவருக்குக் கிடைக்கும் பலன் மற்றவர் எடுக்கும் உத்தியையும் பொறுத்திருக்கும் சூழல்களைக் கணக்கிடும் ஆட்டக் கோட்பாட்டை (game theory), உயிரின் வேதித் தோற்றத்துக்குப் பொருத்தும் கட்டுரைகளை வாசித்தேன். மூளையில்லாத மூலக்கூறு எப்படி உத்தி வகுக்கும்? இது அழகான உவமைக்கு மேல் எதுவுமில்லை என்றே தோன்றுகிறது. அல்லது, உயிர் ஒத்துழைப்பில் பிறந்தது என்று இதிலிருந்து சொல்லலாமா? இத்துறையில் ஆய்வு செய்யலாமா?

– ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

'உவமைக்கு மேல் எதுவுமில்லை' என்ற வரி என்னை வருத்தியது. வினைவேக மாறிலியை அளக்கப் பயின்ற ஒருவர் அப்படி எழுதக் கூடாது. 'ஆட்டம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு சமன்பாட்டைப் பார்க்காமல் விட்டுவிட்டீர்கள். பரிணாம ஆய்வாளர்கள் மேனார்ட் ஸ்மித்தும் பிரைஸும் 1973இல் விலங்குச் சண்டைகளுக்கு இக்கோட்பாட்டைப் பொருத்தியபோதே, யோசிக்கும் ஆட்டக்காரர் தேவையற்றுப் போனார். எதிரில் இருப்பவர் யார் என்பதைப் பொறுத்து எனக்குக் கிடைக்கும் பலன் மாறுகிறது என்பது மட்டுமே எஞ்சியது. மூலக்கூறுக்குப் பலன் என்பது அது பெருகும் வேகம். 2016இல் வேதியியலாளர் நைல்ஸ் லேமனும் உடன் உழைத்தவர்களும், அசோஆர்கஸ் பாக்டீரியத்தின் ரைபோசைமை, அதாவது நொதிபோல் வினையை விரைவாக்கும் ஆர்.என்.ஏ மூலக்கூறைத் துண்டுகளாக்கி, ஒரு வகை தன்னைத்தானே கூட்டிக்கொள்ளும் வேகத்தையும் வேறு வகையைக் கூட்டும் வேகத்தையும் அளந்து, அந்த எண்களையே பலன் அட்டவணையில் இட்டார்கள். உவமையை இப்படி அளக்க முடியாது.

என் சிறுவயதில் எங்கள் வீட்டுக்கு, 'இதைக் கண்டவர் பதின்மூன்று பேருக்கு எழுதி அனுப்ப வேண்டும்' என்ற அஞ்சலட்டைகள் வரும். ஒரு கோவிலில் நடந்த அற்புதம், எழுதியவருக்குக் கிடைத்த செல்வம், கிழித்தெறிந்தவருக்கு வந்த கேடு என்று நீண்ட கதை அதில் இருக்கும். அம்மாவுக்கு அச்சம், எழுதும் வேலை எனக்கு. ஆறாவது அட்டையில் கதையைச் சுருக்கினேன், பத்தாவதில் அறவே விட்டுவிட்டேன். 'எழுதி அனுப்பு, தவறினால் கேடு' என்பதை மட்டும் ஒன்றில்கூட விடவில்லை. பல ஆண்டுகள் கழித்து உயிரியலாளர் ஸ்பீகல்மேனின் 1967ஆம் ஆண்டுச் சோதனையைப் படித்தபோது, அந்த அட்டைகள்தான் கண்முன் வந்தன. பாக்டீரியத்தைத் தொற்றும் கியூபீட்டா வைரசின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏவையும் அதை நகலெடுக்கும் நொதியையும் ஒரு குழாயில் இட்டு, சிறிது நேரத்தில் ஒரு துளியை அடுத்த குழாய்க்கு மாற்றிக்கொண்டே போனார். 74ஆம் மாற்றத்துக்குள் ஆர்.என்.ஏவில் 83 சதவீதம் உதிர்ந்துவிட்டது. தொற்றும் திறன் போயிற்று. நொதி பற்றிக்கொள்ளும் பகுதி தங்கிற்று.

அந்தக் குழாயில் நொதியை ஸ்பீகல்மேன் இலவசமாகக் கொடுத்தார். ஆதிக் குட்டையில் கொடுப்பவர் யாருமில்லை. ஏதோ ஒரு மூலக்கூறே நகலெடுக்கும் உதவியைச் செய்ய வேண்டும். அவ்வுதவி கரைசலில் உள்ள எல்லோருக்கும் போய்ச் சேர்கிறது, எதுவும் செய்யாத, நீளம் குறைந்த மூலக்கூறு அதை வாங்கிக்கொண்டு விரைவாகப் பெருகுகிறது, கொடுத்தது அழிகிறது. வேதியியலாளர்கள் ஐகனும் ஷூஸ்டரும் 1977இல், ஒவ்வொரு மூலக்கூறும் அடுத்ததற்கு உதவ, கடைசியது முதலாவதற்கே உதவும் வளையமொன்றை முன்வைத்தார்கள். பெறுவதை நன்றாகப் பெற்று எதையும் தராத, பிழையாக நகலான ஒரு திரிபு அவ்வளையத்தையும் கொன்றுவிடும் என்று மேனார்ட் ஸ்மித் 1979இல் எழுதினார். கலக்கப்பட்ட கரைசலில், இப்படி வாங்க மட்டும் செய்யும் ஒட்டுண்ணி மூலக்கூறே வெல்லும். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம், உங்கள் தலைமுறைக் கட்டுரைகள் இதைத் தாண்டி ஓடுவதுதான். வழி எல்லைச்சுவரில் இருக்கிறது. சிறு பைகளுக்குள் மூலக்கூறுகள் பிரிந்தால், தற்செயலாக ஒட்டுண்ணி குறைந்த பை முந்திப் பெருகும் என்று சாத்மாரியும் டெமெட்டரும் 1987இல் காட்டினார்கள். 2016இல் எண்ணெயில் மிதக்கும் நீர்த்துளிகளில் இது சோதனையாகவே நடந்தது: துளிகளாகப் பிரித்து, நன்கு செயல்பட்டவற்றைத் தேர்ந்தபோது பயனுள்ள ரைபோசைம் பிழைத்தது, பிரிக்காத கரைசலில் ஒட்டுண்ணிகளிடம் தோற்றது.

ஒத்துழைப்பில் பிறந்ததா என்ற கேள்விக்குள் நான் போகப்போவதில்லை. அறத்தை அங்கே தேடாதீர்கள். ஆய்வுக்கு இத்துறையைத் தயங்காமல் எடுங்கள், அம்மா. 'ஒத்துழைப்பு' என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும், எவ்வளவு பெரிய துளிக்குள், எத்தனை மூலக்கூறுகளுக்கு நடுவே என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் செல்லுங்கள்.