மளிகைக் கடைக்காரர் மகள் உளவியல் படிக்கலாமா?

வணக்கம் சார்.

போன வாரம் நீங்கள் போனில் பேசியபோது கடையில் நல்ல கூட்டம் போலிருந்தது. பாதிப் பேச்சில் யாருக்கோ துவரம்பருப்பு நிறுத்துக் கொடுத்தீர்கள். அதனால் சொல்ல வேண்டியதை நிதானமாக எழுதிவிடுகிறேன். கடை அடைத்த பிறகு படியுங்கள், மகளும் படிக்கட்டும்.

நீங்கள் கேட்டவை மூன்று. உளவியல் படித்தால் வேலை கிடைக்குமா? மனநோயாளிகளோடு பழகினால் பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிடுமா? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள்? மூன்றாவதற்கு என்னிடம் பதில் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் எதற்குத்தான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்! மற்ற இரண்டுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இருக்கிறது. அந்தப் படிப்புக்குள் என்னதான் இருக்கிறது?

உங்கள் மகளும் அதைக் கேட்கவில்லை. "ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் என்கிட்டதான் பிரச்சினையைச் சொல்வாங்க, நான் நல்லாக் கேட்பேன்" என்றாள். நல்ல குணம்தான். ஆனால் பி.எஸ்சி. உளவியல் முதலாண்டில் யாரும் அவளிடம் வந்து பிரச்சினையைச் சொல்லப்போவதில்லை. நரம்பு செல்லைப் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்வார்கள். அப்புறம் புள்ளியியல் வரும், திட்டவிலக்கம் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். சில வருடங்களுக்கு முன் என்னிடம் கேட்டுவிட்டு இதில் சேர்ந்த ஒரு பெண் முதல் பருவத்தோடு நின்றுவிட்டாள். "கணக்கு வேண்டாம்னுதானே சார் இதுல சேர்ந்தேன்" என்றாள். தப்பு என்னுடையது, நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து, உளவியல் என்று யார் வந்தாலும் இது ஒரு அறிவியல் பாடம் என்பதைத்தான் முதலில் சொல்கிறேன். ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்தில் வில்ஹெல்ம் வுண்ட் 1879-இல் ஆய்வுக்கூடம் அமைத்ததைத்தான் இந்தத் துறையின் பிறப்பாகச் சொல்வார்கள். பிறந்த இடமே ஆய்வுக்கூடம்.

பாடம் எப்படி இருக்கும் என்று உங்கள் கடையை வைத்தே காட்டுகிறேன். ஒரு அம்மா சாமான் வாங்க வருகிறார், கூடவே நான்கு வயதுப் பையன். கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் மிட்டாய்ச் சரத்தைப் பார்த்துவிட்டு அடம்பிடிக்கிறான். அம்மா நான்கு நாள் முடியாது என்கிறார். ஐந்தாம் நாள், கடையில் நான்கு பேர் பார்க்கிறார்களே என்று வாங்கிக் கொடுத்துவிடுகிறார். அவன் என்ன கற்றுக்கொண்டான்? அழுதால் என்றாவது கிடைக்கும் என்று. தினமும் மிட்டாய் கிடைத்து ஒருநாள் திடீரென நின்றுபோனால் அழுகை சீக்கிரம் ஓய்ந்துவிடும். எப்போதோ ஒருமுறை கிடைக்கிற பையனின் அழுகைதான் லேசில் ஓயாது. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்து இதை அளந்து காட்டினார். எத்தனை தடவைக்கு ஒருமுறை பரிசு வரும் என்று தெரியாதபோது அந்த உயிர் ஓயாமல் முயன்றுகொண்டே இருக்கும். 2003-இல் லாட்டரியைத் தடை செய்யும்வரை நம் ஊரில் எத்தனை பேர் தினக்கூலியை அதில் விட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதே கணக்குதான். அடுத்த ரீல்ஸ் நன்றாக இருக்குமோ என்று ராத்திரி ஒரு மணி வரை போனைத் தள்ளிக்கொண்டிருக்கிறோமே, அதுவும் இதே கணக்கில்தான் வருகிறது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். மிட்டாய் கையில் வந்ததும் அழுகை நிற்கிறது. அந்த நிம்மதி அம்மாவுக்குக் கிடைத்த பரிசு, அதனால் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் வாங்கிக் கொடுப்பார். அதாவது பையன் அம்மாவைப் பழக்குகிறான். பிடிக்காத ஒன்று விலகுவதால் ஒரு நடத்தை வலுப்பெறுவதை எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். பெயரைப் பார்த்து இதைத் தண்டனை என்று நினைத்து எழுதி மதிப்பெண் இழக்காத முதலாண்டு மாணவர்கள் குறைவு. உங்கள் மகள் கல்லாவில் உட்கார்ந்து இந்தக் காட்சியை நூறு தடவை பார்த்திருப்பாள். "பாவம் அந்தக் குழந்தை" என்பதைத் தாண்டி, இது ஏன் இப்படி நடக்கிறது என்று அவளுக்குள் ஒரு குடைச்சல் வருமானால் அவள் இந்தப் படிப்புக்கு ஏற்றவள்.

மூளைப் பகுதியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உயிரியல் எடுத்த பிள்ளைக்கு அது சுமையாக இருக்காது. ஒரு கதை சொல்கிறேன், அவளையும் படிக்கச் சொல்லிவிட்டு முகத்தைக் கவனியுங்கள். 1953-இல் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்க இளைஞருக்குத் தீராத வலிப்பு நோய்க்காக அறுவைச் சிகிச்சை செய்தார்கள். மூளையின் இரு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியைப் பெருமளவு எடுத்துவிட்டார்கள். கடற்குதிரை போல வளைந்திருப்பதால் வந்த பெயர் அது. வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. டாக்டர் அறையை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்தால், புது ஆளைப் பார்ப்பது போலப் பார்ப்பார். பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவரிடம் ஒரு வேலை கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் கோட்டை வரைய வேண்டும். முயன்று பாருங்கள், கை இடமும் வலமும் தெரியாமல் தடுமாறும். மொலைசன் நாளுக்கு நாள் தேறினார். ஆனால் ஒவ்வொரு நாளும், இதை முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. கை கற்றுக்கொண்டது, ஆளுக்குத் தெரியாது. நினைவு என்பது ஒரே பெட்டி இல்லை என்று உலகம் புரிந்துகொண்டது இந்த ஒரு மனிதரால். அவர் 2008-இல் இறந்தார். அதுவரை பெரும்பாலான பாடநூல்களில் அவருக்கு ஹெச்.எம். என்ற இரண்டெழுத்துதான் பெயர்.

நம் பக்கத்து ஆள் ஒருவரும் இருக்கிறார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன். கை துண்டிக்கப்பட்ட பிறகும் அந்த இல்லாத கை வலிக்கிறது என்பவர்களுக்கு, ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்து, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கை போலக் காட்டினார். சிலருக்கு வலி குறைந்தது. பெரிய கருவி எதுவும் இல்லை, கண்ணாடி பதித்த ஒரு பெட்டிதான்.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். "பைத்தியக்காரங்களோடதானே சார் பழகணும்" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள். நீங்கள் விருதுநகர்க்காரர். 2001 ஆகஸ்டில் பக்கத்து மாவட்டத்தில் ஏர்வாடியில் நடந்தது மறந்திருக்காது. சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 பேர் தீயில் மாட்டி இறந்தார்கள். கட்டு இல்லாதிருந்தால் ஓடியிருப்பார்கள். வியாதியை விட அதைப் பற்றிய நம் பயம் என்ன செய்யும் என்பதற்கு எனக்கு அதைத் தாண்டி உதாரணம் தேவைப்பட்டதில்லை. மனநோய் ஒட்டுவதில்லை. டாக்டர் சாரதா மேனன் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்தவர், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1984-இல் சென்னையில் மனச்சிதைவு நோய்க்கென ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். வாழ்நாள் முழுக்க நோயாளிகளோடு இருந்து 98 வயதில் 2021-இல் மறைந்தார்.

ஒட்டுவதில்லைதான், ஆனால் வேறொன்று நடக்கும். மனக்கோளாறுகள் பற்றிய பாடம் வரும் பருவத்தில் மகள் வீட்டுக்கு வந்து, "அப்பா, எனக்கு எண்ணச்சுழற்சி நோய் (ஓசிடி) இருக்கு" என்பாள். கடைக் கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற உங்களுக்கும் இருக்கிறது என்பாள். மருத்துவ மாணவர்களுக்கும் இது வருவதுண்டு, படிக்கிற நோயெல்லாம் தனக்கே இருப்பதாகத் தோன்றும். பூட்டை இரண்டு தடவை இழுப்பது பழக்கம். பூட்டினோமா என்ற எண்ணத்தை விரட்ட முடியாமல் தினமும் மணிக்கணக்கில் நேரம் போய், கடையே நடத்த முடியாமல் ஆனால்தான் நோய் என்று பார்ப்பார்கள். எங்கே கோடு போடுவது என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம்.

வேலை விஷயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பி.எஸ்சி. மட்டும் முடித்தால் அவள் உளவியலாளர் ஆகமாட்டாள். எம்.எஸ்சி. கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து வருடம். மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் மருத்துவ உளவியலாளர் ஆக வேண்டுமென்றால் அதற்கு மேலும் பயிற்சி வேண்டும், இந்திய மறுவாழ்வுக் குழுமமான ஆர்சிஐயின் பதிவும் வேண்டும். இதுவரை அதற்கு முக்கிய வழி இரண்டு வருட எம்.ஃபில். பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற மனநல நிறுவனங்களில் இடங்கள் மிகக் குறைவு, நுழைவுத் தேர்வு கடுமை. இப்போது எம்.ஃபில் என்ற பட்டமே விலக்கப்பட்டு வருகிறது. அவள் அந்தப் படிக்கு வரும்போது பட்டத்தின் பெயர் வேறாக இருக்கும். எனவே எந்தக் கல்லூரி எந்தப் பெயரில் படிப்பை விளம்பரம் செய்தாலும், ஆர்சிஐ தளத்தில் அந்தக் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

நீங்கள் கேட்ட தபால்வழிப் படிப்பு யோசனையை விட்டுவிடுங்கள். உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2025 ஜூலை சேர்க்கையிலிருந்து நிறுத்திவிட்டது. ஆறு மாதத்தில் கவுன்சலர் ஆக்குகிறேன் என்று நோட்டீஸ் கொடுக்கிறவர்களிடமும் போக வேண்டாம். அந்தச் சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டிக்கொண்டு, தற்கொலை எண்ணத்தோடு வருகிற பிள்ளைக்கு அறிவுரை சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். இன்னொன்று, இந்தப் படிப்பால் மருந்து எழுத முடியாது. அது எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்தவர்களின் வேலை.

சிகிச்சை தவிர மற்ற வழிகளும் உண்டு. பள்ளி ஆலோசகர், சிறப்புக் கல்வி, நிறுவனங்களில் ஆள் எடுக்கும் பிரிவு, நெட் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியர். குடிமைப் பணித் தேர்வில் உளவியல் விருப்பப் பாடமாகவும் இருக்கிறது. தொடக்கச் சம்பளம் பொறியியல் படித்த அண்ணன் மகனோடு ஒப்பிடும்படி இருக்காது. வீட்டில் அதைப் பேசி முடிவு செய்துவிட்டுச் சேருங்கள். மூன்றாம் வருடத்தில் பேசினால் சண்டைதான் வரும். கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். துறையின் ஆய்வகம் எங்கே என்று கேளுங்கள். பூட்டிய அறையைக் காட்டினால் கிளம்பிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. போனை மகளிடம் கொடுத்தபோது அவள் சொன்னாள்: "நீட் மார்க் வந்த அப்புறம் எனக்கே மனசு சரியில்ல சார், அதான் இதைப் படிக்கலாம்னு." நீங்கள் அப்போது பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தீர்கள், கேட்டிருக்க வாய்ப்பில்லை. உங்களிடம் சொல்லலாமா என்று கேட்டேன், சொல்லுங்கள் என்றாள். தன் மனக்கஷ்டத்தைப் புரிந்துகொள்ள இந்தப் படிப்புக்கு வருகிறவர்கள் நிறைய, அதில் தவறில்லை. ஆனால் படிப்பு சிகிச்சை ஆகாது. பல் வலிக்கிறது என்று யாரும் பல் மருத்துவம் படிக்கச் சேர்வதில்லையே. இரண்டு வாரத்துக்கு மேலாக நாளின் பெரும்பகுதி சோர்ந்திருப்பது, முன்பு பிடித்தது எதிலும் நாட்டமில்லாமல் போவது, தூக்கமும் சாப்பாடும் கெடுவது இவையெல்லாம் சேர்ந்திருந்தால் அதை முதலில் பார்க்க வேண்டும். செத்துப்போகலாம் என்பது போல ஒரு வார்த்தை வந்தாலும் இரண்டு வாரம் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், அன்றே அழைத்துப் போங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அட்மிஷன் அதற்கு அடுத்துதான்.

அவள் தெளிவாக இருந்தால் ஒரு சின்ன வேலை கொடுங்கள். ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் தன்னைத்தானே சோதித்து வெளியிட்ட ஆய்வு அது. கெப், நெம், டுக் மாதிரி அர்த்தமில்லாத அசைகள் பதின்மூன்றை எழுதி மனப்பாடம் செய்யட்டும். எத்தனை தடவை படித்ததும் தவறில்லாமல் வந்தது என்று குறிக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி மனப்பாடம் செய்ய எத்தனை தடவை ஆகிறது, மறுநாள் எத்தனை என்றும் எழுதட்டும். ஒவ்வொரு இடைவெளிக்கும் புதுப் பட்டியல் போட வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு குழம்பும். எபிங்ஹாஸுக்கு ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது, பிறகு மறதி மெதுவாகியது. அவளுக்கு என்ன ஆகிறது என்று வரைபடம் போடட்டும். இரண்டாம் நாளே சலித்து நோட்டை மூடிவிட்டால் அதுவும் நமக்கு ஒரு தகவல்.

அடுத்த சனிக்கிழமை அந்த நோட்டோடு இருவரும் வாருங்கள். முதல் அரை மணி நேரம் அவளோடு தனியாகப் பேசுகிறேன். அதுவரை நீங்கள் கீழே டீக்கடையில் உட்கார்ந்திருங்கள், நானே கூப்பிடுகிறேன்.