மருந்துக்குக் கட்டுப்படாத தொற்றுகள்: மெடிக்கல் கோடிங் கேள்வி-பதில்

அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளைச் சென்னையிலும் கோவையிலும் இருந்து கோடிங் செய்யும், அதாவது அவற்றில் உள்ள நோய்களுக்குரிய குறியீடுகளை இடும், வாசகர்களிடமிருந்து, கிருமி மருந்துக்குக் கட்டுப்படாததைக் குறிக்கும் இசட்16 என்ற ஒரே பிரிவைப் பற்றிப் பல கேள்விகள் வந்துள்ளன. முதல் நான்கு பதில்களும் அமெரிக்காவில் வழங்கும் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டு முறைக்கு உரியவை.

கேள்வி: டிஸ்சார்ஜ் சம்மரியில் எம்ஆர்எஸ்ஏ (மெத்திசிலின் மருந்துக்குக் கட்டுப்படாத ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி) நிமோனியா என்று இருந்தது. அதற்கான ஜே15.212 உடன், பெனிசிலின் எதிர்ப்பைக் குறிக்கும் இசட்16.11 சேர்த்தேன். ஆடிட்டில் பிழை என்று குறித்துவிட்டார்கள். ஏன்?

ஆடிட்டர் குறித்தது சரியே. தொற்றுக்கான குறியீடு மருந்து எதிர்ப்பைத் தானே சொல்லாதபோது மட்டுமே இசட்16 பிரிவிலிருந்து ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. ஜே15.212 என்பதும், தொற்றால் உடலெங்கும் விளையும் கடும் பாதிப்பான செப்சிஸுக்கான ஏ41.02 என்பதும் எம்ஆர்எஸ்ஏ என்பதைத் தமக்குள்ளேயே கொண்டவை. மெத்திசிலின் பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் கை தானாக இசட்16.11 பக்கம் போகும். எம்ஆர்எஸ்ஏ தொற்றுடன் அதைச் சேர்க்கக் கூடாது என்று நெறிமுறை வெளிப்படையாகவே தடுக்கிறது. காலில் செல்லுலைட்டிஸ் (தோலடித் திசுத் தொற்று) போன்ற, கிருமியின் பெயரைச் சொல்லாத குறியீடுகளுக்குப் பின்னால் எம்ஆர்எஸ்ஏ கிருமியைக் குறிக்கும் பி95.62 இடுவீர்கள் அல்லவா, அங்கும் இதே விதிதான்.

கேள்வி: சிறுநீர்க் கல்ச்சரில் (கிருமி வளர்ப்புச் சோதனையில்) ஈ.கோலை என்ற பாக்டீரியா வளர்ந்து, ஈஎஸ்பிஎல் (பெனிசிலின் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதி) பாசிட்டிவ் என்று வந்துள்ளது. மருத்துவர் யூடிஐ (சிறுநீர்த் தொற்று) என்று மட்டும் எழுதி, மருந்தைக் கார்பபெனம் வகை ஆன்டிபயாட்டிக்கான மெரோபெனமுக்கு மாற்றியிருக்கிறார். ஈஎஸ்பிஎல் எதிர்ப்புக்கான இசட்16.12 போடலாமா?

இப்போதைக்குப் போட முடியாது. ஆய்வக முடிவுக்குப் பொருள் சொல்லும் பொறுப்பு மருத்துவருடையது, கோடருடையது அன்று. மருத்துவர் எழுதாதவரை இசட்16.12 மட்டுமல்ல, ஈ.கோலைக்கான பி96.20 கூடக் கல்ச்சர் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து இடத் தகாதது. உங்கள் கையில் இருப்பது சிறுநீர்த் தொற்றுக்கான என்39.0 ஒன்றுதான்.

ஆனால் சார்ட்டை அப்படியே முடித்து அனுப்புவதும் சரியன்று. கல்ச்சர் முடிவும், அதைத் தொடர்ந்து மருந்து மாற்றப்பட்டதும், மருத்துவருக்கு க்வெரி, அதாவது விளக்கம் கேட்கும் குறிப்பு, அனுப்புவதற்குப் போதுமான சான்றுகள். “இது ஈஎஸ்பிஎல் தொற்று என்று எழுத முடியுமா?” என்று கேட்டால், விடையை நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். கல்ச்சர் முடிவையும் மருந்து மாற்றத்தையும் தேதியுடன் எடுத்துக்காட்டி, தொற்றுக்குக் காரணமான கிருமியும் அதன் மருந்து எதிர்ப்பு நிலையும் எவை எனக் கேட்டு, ‘வேறு’, ‘உறுதியாகக் கூற இயலவில்லை’ என்ற வாய்ப்புகளையும் விட்டுவைக்க வேண்டும். இந்த எச்சரிக்கைக்குப் பணம் சார்ந்த காரணமும் உண்டு: 2019 அக்டோபரிலிருந்து அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேரின் உள்நோயாளிக் கட்டணக் கணக்கில் இசட்16 பிரிவின் 18 குறியீடுகள் சிசி, அதாவது கட்டணத்தை உயர்த்தக்கூடிய உடன்நிலை, என்ற தரத்தைப் பெற்றன. பணம் சேரும் இடத்தில் ஆடிட்டரின் கண்ணும் சேரும்.

ஈ.கோலை, ஈஎஸ்பிஎல் இரண்டையும் மருத்துவர் உறுதி செய்தால், என்39.0, பி96.20, இசட்16.12 என்ற வரிசையில் இடுங்கள். ஈஎஸ்பிஎல் என்பது கிருமி சுரக்கும் நொதியே தவிரக் கிருமியன்று, ஆகவே பி96.20 இல்லாமல் இசட்16.12 மட்டும் நின்றால் விவரம் பாதிதான். கார்பபெனம் எதிர்ப்பு என்று மருத்துவர் எழுதியிருந்தால், அதற்கு இசட்16.13 என்று தனிக் குறியீடே இருக்கிறது. எப்படியாயினும் இசட்16 முதன்மை நோயறிதலாக வராது. தொற்றுதான் முன்னால் நிற்க வேண்டும்.

கேள்வி: மூக்கில் எடுத்த ஸ்வாபில் எம்ஆர்எஸ்ஏ பாசிட்டிவ் என்று மருத்துவர் குறித்துள்ளார். தொற்று எதுவும் இல்லை.

இசட்22.322. கிருமி உடலில் தங்கியிருக்கிறது, நோய் உண்டாக்கவில்லை என்பதே அதன் பொருள். அதே அனுமதியில் எம்ஆர்எஸ்ஏ தொற்றும் பதிவாகியிருந்தால் இரண்டையும் இடலாம். முன்பு தொற்று வந்து குணமாகிவிட்டதென்றால் இசட்86.14.

கேள்வி: எம்டிஆர் (பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத) காசநோய்க்கு, பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கான எதிர்ப்பைக் குறிக்கும் இசட்16.24 சரிதானே?

இல்லை. காசநோய் மருந்துகளுக்கு எதிரான எதிர்ப்பு இசட்16.34 என்ற தனிக் கிளையில் வருகிறது. எம்டிஆர் என்றால் குறைந்தது ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் எதிர்ப்பு என்று பொருள் என்பதால், நுரையீரல் காசநோய்க்கான ஏ15.0 உடன் இசட்16.342 வரும். ரிஃபாம்பிசின் ஒன்றுக்கு மட்டும் எதிர்ப்பு என்று எழுதியிருந்தால் இசட்16.341.

கேள்வி: நான் பணிபுரியும் தமிழக மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் இசட்16 என்ற பிரிவே இல்லை. யு82 என்று இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரி, ஆனால் அவை வெவ்வேறு நூல்கள். உங்களிடம் இருப்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10. அதில் மருந்து எதிர்ப்பு யு82 முதல் யு84 வரை உள்ளது: மெத்திசிலினுக்கு யு82.1, ஈஎஸ்பிஎல்லுக்கு யு82.2, வான்கோமைசினுக்கு யு83.0, காசநோய் மருந்துகளுக்கு யு84.3. அமெரிக்கப் பயிற்சி பெற்றுவிட்டு இங்கே வருபவர்கள் தடுமாறும் இடம், முதல் கேள்வியில் பார்த்த அதே எம்ஆர்எஸ்ஏ. உலகப் பதிப்பில் அதற்கென்று, நோயையும் மருந்து எதிர்ப்பையும் ஒன்றாகச் சொல்லும் கூட்டுக் குறியீடு கிடையாது. ஸ்டஃபிலோகாக்கஸ் நிமோனியாவுக்கான ஜே15.2 மெத்திசிலின் எதிர்ப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஆகவே அமெரிக்க முறையில் கூடாது என்று விலக்கிய துணைக் குறியீடு இங்கே அவசியமாகிறது: ஜே15.2 உடன் யு82.1 இடாவிட்டால் அது சாதாரண ஸ்டஃப் நிமோனியாவாகவே பதிவாகும்.