சமைப்பதெல்லாம் வறண்டு போகிறது, எங்கே தப்பு?

கேட்டவர் எழுதியிருப்பது இது: மூன்று மாதமாகத்தான் சமைக்கிறார். மீன் வறுத்தால் கட்டையாகிவிடுகிறது, சிக்கன் நார் நாராகப் பிரிகிறது, குழம்பு நிறைய இருந்தும் துண்டு தொண்டையில் நிற்கிறது. எண்ணெயைக் கூட்டினார், தண்ணீரைக் கூட்டினார், ஒன்றும் மாறவில்லை.

தண்ணீரும் எண்ணெயும் போதாமல் இப்படி ஆகவில்லை. அடுப்பை அணைக்க நீங்கள் பயப்படுகிறீர்கள், அவ்வளவுதான். வேகாமல் போய்விடுமோ என்று இன்னும் ஐந்து நிமிடம் விடுகிறீர்கள் இல்லையா? அந்த ஐந்து நிமிடத்தில்தான் எல்லாம் கெடுகிறது. தண்ணீரைக் கூட்டினால் அது கொதித்து வற்றுகிற வரை மீன் உள்ளே கிடக்கும், இன்னும் மோசமாகும்.

எனக்கு இது நன்றாகத் தெரியும், ஏனென்றால் நான் பிறந்தது பரமக்குடி. வீட்டில் வாரம் ஒரு நாள் மீன் வந்தாலே பெரிது. 2009-ல் கல்யாணமாகிப் பாம்பனுக்கு வந்தபோது தினமும் மீன். முதல் மாதம் முழுக்க நான் வறுத்த சீலாவை, அதாவது வஞ்சிரத்தை, வீட்டில் ரசம் ஊற்றித்தான் சாப்பிட்டார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் எனக்குக் கண்ணீர் வந்துவிடும்.

ஒரு நாள் அத்தை, என் மாமியார்தான், அடுப்படி வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சட்டிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "சத்தம் அடங்கிருச்சு, எடுத்துரு தாயி" என்றார். எனக்குப் புரியவில்லை. மறுநாள் பக்கத்தில் நிறுத்திக் கேட்கச் சொன்னார். துண்டைப் போட்டதும் சடசடவென்று பெரிய சத்தம். அது மீனில் இருக்கும் தண்ணீர் எண்ணெயில் பட்டு ஆவியாகிற சத்தம். இரண்டு மூன்று நிமிடத்தில் அது மெல்லிய சலசலப்பாகக் குறையும். அப்போது திருப்ப வேண்டும். மறுபக்கமும் அப்படிச் சத்தம் தணிய ஆரம்பிக்கும்போதே எடுத்துவிட வேண்டும். சத்தம் சுத்தமாக நின்றுவிட்டால் உள்ளே தண்ணீர் இல்லை என்று அர்த்தம். நான் தினமும் அது நிற்கிற வரை காத்திருந்திருக்கிறேன்!

இதற்குக் காரணம் எளிமையானது. மீன் சதை 60 டிகிரி வந்தாலே வெந்துவிடும். காய்ந்த எண்ணெயோ 170, 180 டிகிரியில் இருக்கிறது. வெந்ததற்கு மேலே சூடு ஏற ஏற, ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது போலச் சதை சுருங்கி, தன்னிடம் இருக்கும் நீரை வெளியே தள்ளும். ஒரு தடவை பிழிந்துவிட்டால் குழம்பில் எத்தனை நேரம் போட்டு வைத்தாலும் அந்த நீர் திரும்ப உள்ளே போகாது. குழம்பு நிறைய இருந்தும் துண்டு வறண்டிருப்பது இதனால்தான்.

கண்ணால் பார்க்கவும் ஓர் அடையாளம் உண்டு. பச்சை மீன் துண்டில் நடுமுள்ளை ஒட்டிய சதை கண்ணாடி மாதிரி லேசாக ஒளி ஊடுருவும்படி இருக்கும். வேக வேக ஓரத்திலிருந்து வெள்ளை உள்நோக்கி வரும். முள் ஓரத்தைக் கரண்டி நுனியால் லேசாக நெம்பிப் பாருங்கள். வெள்ளை முள்ளைத் தொட்டு, சதை முள்ளைவிட்டு விலகுகிறதா? முடிந்தது, இறக்குங்கள்.

மீன் வெட்டித் தரும் அக்காவிடம் துண்டு ஒரு விரல் கனம் இருக்கட்டும் என்று சொல்லி வாங்குங்கள். புதிதாகச் சமைப்பவர்கள் சீக்கிரம் வேகும் என்று மெல்லிசாகக் கேட்பார்கள். மெல்லிய துண்டு, மேலே மொறுமொறுப்பாவதற்குள் உள்ளே காய்ந்துவிடும். மசாலாவில் எலுமிச்சை பிழிந்தால் இருபது நிமிடத்துக்கு மேல் ஊற வேண்டாம். புளிப்பு சதையை அடுப்பில் வைக்கும் முன்பே இறுக்கத் தொடங்கிவிடும். நம் ஊர் முண்டு மிளகாய்த் தூள் என்றால் தீ மிதமாகவே இருக்கட்டும், தூள் கருகுகிறதே என்று பதறித் திருப்பித் திருப்பிப் போட வேண்டியிருக்காது.

கற்றுக்கொள்வதற்கு விலை கொடுத்துச் சீலா வாங்காதீர்கள். பாறையும் வேண்டாம், கொழுப்புக் குறைவு, கொஞ்சம் தவறினாலும் கட்டைதான். சாளை, சூடை வாங்குங்கள். நெய்ப்பிடிப்பான மீன், ஒரு நிமிடம் கூடிப்போனாலும் பொறுத்துக்கொள்ளும்.

குழம்பு வைக்கும்போது எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க விடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் புளியும் மசாலாவும் பச்சை வாசனை போய் எண்ணெய் மேலே மிதக்கும் வரை தனியாகக் கொதிக்கட்டும். உப்பு, புளிப்பு எல்லாம் அப்போதே சரிபார்த்துவிடுங்கள். மீன் கடைசியில். சாளைக்கு மூன்று நான்கு நிமிடம், கனமான துண்டுக்கு ஆறேழு நிமிடம். கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்து லேசாகச் சுழற்றினால் போதும். மண்சட்டி என்றால் அணைத்த பிறகும் கொதி நிற்காது, அதனால் ஒரு நிமிடம் முன்னாடியே அணையுங்கள்.

இறால் வளைந்து பாதி வட்டமானதும் இறக்க வேண்டும், தலைப்பக்கமும் வாலும் தொட்டுக்கொண்டால் நேரம் தாண்டிவிட்டது. கணவாய்க்கு இரண்டே வழி: பெரிய தீயில் இரண்டு மூன்று நிமிடம், இல்லையென்றால் சின்னத் தீயில் முக்கால் மணி நேரம். நடுவில் நிறுத்தினால் ரப்பர்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது. நாட்டுப்படகு மீன் வந்தாலும் விலை ஏறிவிடும், அதனால் நிறைய வீடுகளில் மீனை வாங்கி ஃப்ரீசரில் வைக்கிறார்கள். வீட்டு ஃப்ரீசரில் மெதுவாக உறையும்போது பெரிய ஐஸ் படிகங்கள் உண்டாகிச் சதையைக் கிழித்துவிடும். கரையும்போது தட்டில் நிற்கும் தண்ணீர் மீனுக்குள் இருந்த ஈரம்தான். அப்படிப்பட்ட மீனை வறுக்க வேண்டாம், குழம்பே நல்லது. முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கிவைத்து மெதுவாகக் கரைய விடுங்கள். கரைந்ததைத் திரும்ப உறைய வைக்கவே கூடாது.

சிக்கனுக்கு வருகிறேன். பிராய்லர் கோழியைக் குக்கரில் நாலு விசில் விடுபவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். சாதாரணச் சட்டியில் மூடி போட்டு இருபது, இருபத்தைந்து நிமிடம் தாராளம். நெஞ்சுக்கறியை வாங்காமல் எலும்போடு கால், தொடை வாங்குங்கள். உப்பும் மஞ்சளும் பிசறி அரை மணி நேரம் வையுங்கள். உப்பு உள்ளே இறங்கினால் சதை நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆனால் கோழியில் அரைவேக்காடு ஆபத்து, மீன் மாதிரி இல்லை. உள்ளே 74 டிகிரி வந்திருக்க வேண்டும். ஊசி வைத்த சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, பெரிய துண்டின் நடுவில் எலும்பில் படாமல் குத்திப் பாருங்கள். ஒரு மாதத்தில் பயம் போய்விடும்.

நாட்டுக்கோழியும் ஆட்டுக்கறியும் நேர் எதிர். அங்கே வறட்சி வருவது பாதியில் இறக்குவதால். எலும்பை ஒட்டிய சவ்வு உருகிப் பிசுபிசுப்பாக வர நேரம் வேண்டும், அந்தப் பிசுபிசுப்புதான் வாயில் ஈரமாகத் தெரிவது. கொழுப்பில்லாத தனிக்கறி கேட்காதீர்கள். கழுத்து, நெஞ்செலும்பு கலந்து கேளுங்கள்.

பருப்பு மணல் மாதிரி நிற்கிறது என்றால் தண்ணீரைப் பாருங்கள். எங்கள் மாவட்டத்தில் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமும். அதில் பருப்பு குழையாது. காவிரிக் குழாய்த் தண்ணீர் வரும் நாளில் பருப்புக்கென்று ஒரு குடம் தனியாகப் பிடித்து வைப்பேன்.

அப்புறம் சோறு. வெந்ததும் திறக்காமல் பத்து நிமிடம் மூடி வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்த சோறு கல்லாவது, அதன் மாவுச்சத்து குளிரில் இறுகுவதால். ஒரு கை தண்ணீர் தெளித்து ஆவியில் வைத்தால் பழையபடி மெத்தென்று ஆகிவிடும்.

இந்த ஞாயிறு ஒன்று செய்யுங்கள். ஒரே அளவில் ஆறு சாளை வாங்குங்கள். ஆறையும் ஒன்றாக எண்ணெயில் போட்டு இரண்டாவது நிமிடம் எல்லாவற்றையும் திருப்பிவிடுங்கள். மூன்றாவது நிமிடத்திலிருந்து நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்து, எடுத்த வரிசையிலேயே தட்டில் அடுக்கிப் பிட்டுப் பாருங்கள். முதல் மீனில் முள் ஓரம் இன்னும் கண்ணாடியாக இருக்கலாம், கடைசி மீன் நீங்கள் தினமும் சாப்பிடுகிற மீன். நடுவில் ஒரு மீன் முள்ளைவிட்டு வழுக்கிக்கொண்டு வரும். அது எத்தனையாவது நிமிடம் என்று அடுப்படிச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.