சீன இலக்கியம் படிக்க ஆசைப்படும் மகளின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. மகள் பி.ஏ. சீன மொழியில் சேரப்போகிறாள், பின்னால் சமூகப் போராட்டத்தில் சீன எழுத்தாளர்களின் பங்கு பற்றி ஆராய்ச்சி செய்வாளாம், இதில் பிழைப்புக்கு என்ன வழி, போராட்டம் அது இது என்று போய்விடுவாளோ என்று கேட்டிருந்தீர்கள். பயம் நியாயமானதுதான். ஆனாலும் தடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

அவள் படிக்க விரும்பும் நவீன சீன எழுத்தாளர் லூ ஷுன்னையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் செண்டாய் நகரில் மருத்துவம் படித்தவர். வகுப்பில் காட்டிய படம் ஒன்றில் ஒரு சீனர் தலை வெட்டப்படக் காத்திருக்க, சுற்றி நின்ற சீனர்கள் சும்மா வேடிக்கை பார்ப்பதைக் கண்டு, 1906-இல் படிப்பை விட்டு எழுத்துக்கு வந்தார். இதோடு நிறுத்தினால் எந்த அம்மாவுக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் அதே மனிதர் 1912 முதல் பல ஆண்டுகள் சீனக் கல்வி அமைச்சகத்தில் மாதச் சம்பளம் வாங்கிய அதிகாரி. அவருடைய புகழ்பெற்ற சிறுகதை 'ஒரு பைத்தியக்காரனின் நாட்குறிப்பு' 1918-இல் வந்ததும் அந்த வேலையில் இருந்தபோதுதான். 1925-இல் பெய்ஜிங் மகளிர் கல்லூரி மாணவிகள் பக்கம் நின்றதற்காக அமைச்சர் அவரை வேலையிலிருந்து தூக்கினார், இவர் வழக்குப் போட்டு வேலையைத் திரும்ப வாங்கினார்! அடுத்த ஆண்டு மார்ச் 18 அன்று ஊர்வலம் போன மாணவர்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. இறந்தவர்களில் லியூ ஹெஜென் என்ற அவருடைய மாணவியும் ஒருவர். அவளுக்காக அவர் எழுதிய அஞ்சலிக் கட்டுரையை மகளிடம் வாங்கிப் படித்துப் பாருங்கள், இந்தப் படிப்பு அவளை ஏன் இழுக்கிறது என்று புரியும்.

மகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எழுத்தாளர்கள் எல்லாம் வீரர்கள் என்று முன்முடிவோடு போனால் ஆராய்ச்சி தேறாது. 1931-இல் ஷாங்காயில் இடதுசாரி எழுத்தாளர் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து இளைஞர்களைக் அப்போது ஆண்ட கோமிந்தாங் (தேசியவாதக் கட்சி) அரசு சுட்டுக் கொன்றது. அதில் ஒருவரான ஹூ யேபின்னின் துணைவியும் எழுத்தாளருமான டிங் லிங், பின்னால் கம்யூனிஸ்டுகளின் தளமான யெனானுக்கே போனார். அங்கே பெண்கள் படும் பாட்டை 1942-இல் எழுதியதற்காகச் சொந்தக் கட்சியிடமே கண்டனம் வாங்கினார், 1958-இல் வடகிழக்குக் கோடிப் பண்ணைக்கு அனுப்பப்பட்டார். எழுத்தாளர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், கட்சிக்கா, மக்களுக்கா, தன் மனசாட்சிக்கா? நல்ல ஆய்வுக்கான கேள்வி அங்கேதான் இருக்கிறது.

சரி, பிழைப்பு. இலக்கியம் மட்டும் தெரிந்தால் கஷ்டம், மொழி கையில் இருந்தால் வழி உண்டு. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் சாந்திநிகேதனின் சீன பவனத்திலும் சீன மொழியைப் பட்டப்படிப்பாகப் படிக்கலாம், சேர்க்கைக்கு க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வு. கூடவே சீன மொழித் திறனைச் சோதிக்கும் எச்.எஸ்.கே. (HSK) தேர்வையும் படிப்படியாக எழுதட்டும், வேலை கொடுப்பவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். மொழிபெயர்ப்பு, நிறுவனங்களில் துபாஷி வேலை, கற்பித்தல் எல்லாம் அதன்மேல் வரும். தைவானில் சீன மொழி படிக்க அந்த அரசின் ஹுவாயு உதவித்தொகையும் இருக்கிறது. ஆனால் அங்கே பழைய வடிவ எழுத்து, சீனாவில் எளிமையாக்கிய எழுத்து. இரண்டையும் பழகிக்கொள்வது நல்லது, லூ ஷுன் காலத்துப் பத்திரிகைகளை மூலத்தில் படிக்கவும் பழைய வடிவம்தான் வேண்டும்.

இந்த வாரமே க்யூட் விண்ணப்பத் தேதியைப் பாருங்கள். மொழிப் பாடம் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பம் இருந்தால், நிரப்புவதற்கு முன் அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.